மண் கேட்காத செடி

உங்களில் யாருடைய வீட்டிலாவது ஒரு செடிக்கு வெயில் படக்கூடாதென்று வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றதுண்டா? எங்கள் வீட்டில் நின்றார். குடியேற்றத்திட்டத்துக் காணியில், உச்சி வெயிலில், காக்கிக் காற்சட்டையோடு, என் அம்மாவின் தம்பி. வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போன சனமெல்லாம் வேலியடியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் காடு வெட்டிய கதையும் யானை வந்த கதையும்தான் கதைக்கிறோம். யானைக் கதை எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தக் குடைக் கதை. அதில் எனக்கும் ஒரு பங்குண்டு. அதை இத்தனை காலமும் நான் வாய் திறந்து சொன்னதில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உடையார்கட்டுப் பக்கம் வந்து குடியேறியவர்கள். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயாவுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தது. கற்பாறைக்கு மேல் மண் கொட்டி வெங்காயம் விளைத்த ஊரிலிருந்து வந்த மனிதர். பசளையும் தண்ணீரும் நேரத்துக்குக் கொடுத்தால் விறகுக் கட்டையும் துளிர்க்கும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

மாமா மட்டும் இல்லை. அவர் மலைநாட்டில் ஒரு அரசாங்கப் பூந்தோட்டத்தில் ஓர்க்கிட் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அடிவாங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. தோளில் ஈரச்சாக்கு மூட்டை. அம்மா மூட்டையை அவிழ்த்தா. உள்ளே வேர்கள் வெளியே தொங்க ஏழு செடிகள் கிடந்தன.

"உடுப்பைக் கொண்டு வராமல் இதையோ தம்பி கட்டிக்கொண்டு வந்தனி?"

"உடுப்பு இஞ்சையும் வாங்கலாம் அக்கா. இதுகள் நான் காடு காடாத் திரிஞ்சு எடுத்து வளத்ததுகள். திரும்பிப் போகேக்க உயிரோட கொண்டு போகோணும்."

திரும்பிப் போவேன் என்று அவர் சொன்னதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அடி வாங்கின ஊருக்கு யார் திரும்பிப் போவார்கள் என்று ஐயா பிறகு குசினியில் வைத்து அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா. தன் தம்பிக்கு அந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அவவுக்குத் தெரியும்.

ஏழில் ஆறு செடிகளின் பெயர் எனக்கு இப்போது நினைவில்லை. ஏழாவது ஈர்க்குக்கட்டு மாதிரி மெல்லிய தண்டுகளும் நாலு நறுக்கு இலையுமாய் இருந்தது. தெருவில் கிடந்தால் மாடும் திரும்பிப் பார்க்காது. அதைத்தான் அவர் கைக்குழந்தை போலத் தூக்கினார். தெற்கே மழைக்காட்டுக்குள் மட்டும் இருக்கிற சாதியாம். பிடுங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தவர்களில் பத்தில் ஒருவரிடம்கூடப் பிழைக்காதாம். வைகாசியில்தான் பூக்குமாம். அதனால் அங்கத்தைய சிங்களச் சனம் தங்கள் புத்தர் பண்டிகையின் பெயரால் அதை வெசாக் பூ என்று சொல்லுமாம்.

"அந்தப் பேரை இஞ்சை வெளியில சொல்லிப்போடாதை" என்றா அம்மா. வந்து குடியேறிய அடிபட்ட சனம் பக்கத்துக் காணிகளிலும் இருந்தது. அதோடு அந்தப் பெயர் எங்கள் வளவுக்குள் நின்றுபோனது. நாங்கள் அதை 'ஏழாவது' என்றே சொன்னோம்.

வந்த கிழமையே மாமா காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். அந்தப் பத்து நாளுக்குள் ஐயாவுக்கு இரக்கம் பிறந்துவிட்டது. வேர் தொங்கத் தொங்கக் கிடந்த செடிகளைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டு குழி வெட்டி, ஆட்டெருவும் சாம்பலும் நிரப்பி, இரண்டு செடிகளை நட்டு, காலையும் மாலையும் பட்டை பட்டையாகத் தண்ணீர் இறைத்தார். மிளகாய்க் கன்றுக்குக்கூட அவர் அப்படிப் பார்த்ததை நான் காணவில்லை. மாமா வந்து தோண்டிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, அழுகின முட்டை மணம் அடித்தது.

"அத்தான், இதுகள் மண் கேக்காத செடி."

"மண் கேக்காத செடியும் உலகத்தில இருக்கோ மச்சான்?"

"காத்தில இருக்கிற ஈரம்தான் இதுகளுக்குச் சாப்பாடு. கனக்கக் குடுத்தா செத்துப்போகும்."

ஐயா மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அடுத்த நாள் வயலுக்குப் போகாமல் கிடுகு கட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்ற பாலை மரத்தின் கீழ் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கொட்டிலை இப்போதும் கண்ணை மூடினால் மணக்கலாம். ஈரச்சாக்கும் விறகுக் கரியும் கலந்த மணம். நிலமெல்லாம் வாய்க்கால் மணல் பரப்பி நனைத்திருப்பார். நாலு பக்கமும் சாக்குத் தொங்கும். உடைந்த ஓட்டுத்துண்டு, கரி, தேங்காய்ப் பொச்சு, இவைதான் செடிகளுக்குப் படுக்கை. தகரப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு பித்தளைப் பீச்சாங்குழலை எடுத்து, தண்ணீரைப் புகையாக அடிப்பார். கச்சான் காற்று அனல் மாதிரி வீசுகிற மாதங்களில் எங்கள் காணியிலேயே குளிர்ந்த இடம் அதுதான். நான் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் சட்டை மாற்றாமல் அதற்குள் போய்க் குந்திக்கொள்வேன்.

கிணற்றுத் தண்ணீரும் அதுகளுக்குச் சரிவரவில்லை. நம் கிணறுகள் உங்களுக்குத் தெரியும்தானே, கேத்தில் அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியும். இலைகளிலும் படிந்தது. ஆகவே மாரியில் தாழ்வாரத்தால் விழுந்த மழைத்தண்ணீரை ஒரு பழைய பீப்பாவில் பிடித்து, மூடி, மேலே கல்லும் வைத்தார். கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், நாங்கள் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்தோம். பத்தடி தூரத்தில் பீப்பா நிறைய நல்ல தண்ணீர். ஐயா அதைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், போய்விடுவார். அந்தப் பீப்பாவில் கை வைக்கவில்லை. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லவேண்டும்.

அப்படியிருந்தும் செடிகள் செத்தன. கச்சான் இரண்டைக் கொண்டுபோனது. ஒன்றைக் குரங்கு சாக்கை விலக்கி எடுத்துக் கடித்துத் துப்பிவிட்டுப் போனது. இன்னொன்று காரணம் சொல்லாமலே மஞ்சளாகிப் போனது. ஒவ்வொன்றையும் மாமா பாலை மரத்தடியில் புதைத்தார். மண் கேட்காத செடிக்கு எதற்கு மண் என்று நான் கேட்டேன். இனிக் கேக்கும் பிள்ளை, என்றார். இரண்டாம் வருஷம் முடிகிற நேரம் ஏழாவது மட்டும் மிஞ்சியது.

நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மாமா திரும்பிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வரமுன்பு எங்கள் வீட்டில் கதை பேச்சு இல்லை. ஐயாவும் அம்மாவும் வேலை செய்துவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார்கள். மாமா வந்த பிறகு அம்மா வயலுக்குப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். செடி வேர்களைப் பிரித்துப் பழகிய விரல்கள், ஒரு மயிர் இழுபடாது. நடுவகிடு மட்டும் ஒருநாளும் நேராய் வராது. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள், நான் பொருட்படுத்தவில்லை.

அவர் பூந்தோட்டத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். ஒரேயொரு பதில் வந்தது. வேலைக்கு வராமல் நின்றபடியால் பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவதாக அதில் எழுதியிருந்தது. அடித்துத் துரத்தினால் வேலைக்கு எப்படிப் போவதென்று ஐயா சத்தம் போட்டார். மாமா கடிதத்தை நாலாக மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா விளக்கு வைத்துவிட்டு, நந்திக்கடல் கரையிலிருக்கும் அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. தம்பிக்கு வேலை கிடைக்கவேண்டும், ஏழாவது பூத்தால் முதல் பூ அம்மாளுக்கு என்று. அதை எனக்குத்தான் சொன்னா. ஆம்பிளையளுக்குச் சொன்னால் நேர்த்தி பலிக்காது என்று ஒரு நம்பிக்கை அவவுக்கு.

அடுத்த தைமாதம் இன்னொரு கடிதம் வந்தது. மாமாவுக்கு முன்பு மேலதிகாரியாக இருந்த பறங்கித் துரை எழுதியிருந்தார். வறண்ட பகுதியில் அரசாங்கப் பூந்தோட்டத் திணைக்களம் ஒரு சிறு தோட்டம் தொடங்கப் போகிறது. அதற்கு ஒரு ஆள் தேவை. ஏழாவது வன்னி வெக்கையில் பூத்து நிற்பதைத் தன் கண்ணால் கண்டால், மாமாவுக்கே அந்த இடத்தைக் கொடுக்கச் சொல்லித் தான் எழுதலாம். வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் வரும் வேலை இருக்கிறது, பூத்தால் உடனே தந்தி அடிக்கவும். மாமா இதைத் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மூன்றுதரம் வாசித்தார்.

அந்த வருஷம்தான் குடை. பாலை மரம் இலை கொட்டிய இடைவெளியால் கொட்டிலின் ஒரு மூலையில் உச்சிப்பொழுதில் வெயில் விழுந்தது. கிடுகு இன்னும் ஒன்று போட்டால் காற்று நின்றுவிடும். ஆகவே பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மாமா குடை பிடித்தார். சித்திரை கடைசியில் ஒரு பழைய தண்டின் நுனியில் பயற்றங்கொட்டை அளவில் மொட்டுகள் தெரிந்தன. ஐந்து மொட்டு. ஐயாகூட வேலையால் வந்து கால் கழுவுமுன் அங்கே போய்ப் பார்த்தார்.

"வருஷத்தில எத்தினை தரம் பூக்கும் மாமா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒருக்கா. இந்தக் கொத்து முடிஞ்சா இனி அடுத்த வைகாசிதான் பிள்ளை."

இதை அவர் எனக்குச் சொன்னார். அம்மா அப்போது பக்கத்தில் இல்லை.

நந்திக்கடல் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் நாலு பூ விரிந்தது. கத்தரிப்பூ நிறம், நடுவில் நாக்கு மாதிரி ஒரு இதழ், அதில் கடும் ஊதாவில் ஒரு பொட்டு. எல்லாம் தலை குனிந்து தொங்கின. மாமா அதற்கு முன்னால் மணலில் இருந்து, சிரித்தாரா அழுதாரா என்று தெரியாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி அடிக்கப் புதுக்குடியிருப்புக்குப் போனார். துரை வியாழக்கிழமை வரலாம் என்றார்.

அவர் வேலி திரும்பிப் போன பிறகு அம்மா முழுகிய தலையோடு, கையில் பாக்குவெட்டியோடு கொட்டிலுக்குள் போனா. நான் பின்னாலே போனேன்.

"முதல் பூவை வெளி மனிசர் கண்ணுக்குக் காட்டமுந்தி அம்மாளுக்குக் காட்டோணும். இல்லாட்டில் கண்ணூறு பட்டுப்போகும்" என்றா.

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "என்னடி பாக்கிறாய்? மல்லிகையும் வெண்டியும் ஆய ஆயத்தானே தரும்? துரை வாறதுக்கிடையில இன்னொண்டு விட்டிடும்."

அவ தோட்டக்காரன் மகள், தோட்டக்காரன் பெண்சாதி. அவ கண்ட செடியெல்லாம் ஆய ஆயக் கொடுத்தது. அவவில் நான் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். எனக்குத்தான் தெரியும். ஒரே ஒருக்காத்தான் பூக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. துரை பூவைக் காணாவிட்டால் மாமாவுக்கு வேலை இல்லை என்பதும் தெரியும். வேலை இல்லாவிட்டால் மாமா எங்களோடேயே இருப்பார் என்பதும் தெரியும். பத்து வயதில் அவ்வளவு தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாக்குவெட்டி கிளிக் என்றது.

வண்டிலில் கொத்தை வாழையிலையில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, என் மடியில் தந்தா. நந்திக்கடல் கரை வரைக்கும் அதை நான்தான் வைத்திருந்தேன். வண்டில் குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டேன். ஒரு பூக்கூடக் கசங்கவில்லை. நல்ல கவனமான பிள்ளை என்று வண்டிலில் வந்த மாமி ஒருத்தி மெச்சினா.

கோயிலில் சனக்கடல். பூசாரியார் அப்படியொரு பூவை முன்பு கண்டதில்லை, வாங்கி அம்மனின் முடியில் வைத்தார். அம்மா கை கூப்பி மனதுக்குள் கேட்டா. அவ கேட்டு முடிக்கமுன் கொத்து சரிந்து வலப்பக்கமாக விழுந்தது. வலப்பக்கம் விழுந்தால் அம்மாள் ஓம் என்று சொன்னதாக அர்த்தம். அம்மாவின் கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. என் அம்மா சந்தோஷத்தில் அழுததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

பின்னேரம் நாங்கள் வந்து இறங்கியபோது மாமா கொட்டிலுக்குள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். தந்தி போய்விட்டது. துரை புறப்பட்டிருப்பார். அம்மா ஓடிப்போய்த் திருநீற்றை எடுத்தா.

"தம்பி, முதல் பூ அம்மாளுக்கெண்டு நேந்திருந்தனான். குடுத்திட்டன். வலப்பக்கம் விழுந்தது. உன்ர வேலை சரி."

மாமா எழும்பினார். நெற்றியைக் குனிந்து கொடுத்தார். "நல்லது அக்கா" என்றார்.

அம்மா குசினிக்குள் போன பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல என் தலையைப் பின்னிவிட்டார். அன்றைக்கும் இழுபடவில்லை.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. அம்மா அவித்த முட்டையும் பயற்றம் பணியாரமும் தேநீரும் ஆயத்தப்படுத்தி, கதவுக்குப் பின்னால் நின்றா. துரை குனிந்து கொட்டிலுக்குள் போனார். நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பு யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர், புத்தகத் தமிழ் பேசினார்.

"பூ எங்கே?"

மாமா வெட்டின தண்டைக் காட்டினார். அது எவ்வளவு நேராக வெட்டுப்பட்டிருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது.

"குரங்கு முறிச்சுப்போட்டுது சேர்."

துரை கண்ணாடியைக் கழற்றித் தண்டுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"நீர் பொய் சொல்கிறவர் அல்ல. பூத்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் நான் கண்டேன் என்று எழுதவேண்டுமே. காணாததை எப்படி எழுதுவது?"

"ஓம் சேர். எழுத ஏலாதுதான்."

தேநீரைக் குடித்தார், பணியாரம் நல்லாயிருக்கிறது என்றார், போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னவாம் தம்பி?" என்று கேட்டா. "யோசிச்சு அறிவிப்பாராம் அக்கா" என்றார் மாமா. ஆவணியில் இங்கிலீசில் ஒரு போஸ்ட்காட் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஐயாவுக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு, அதையும் தகரப்பெட்டிக்குள் வைத்தார். அம்மா கேட்கும்போதெல்லாம், "இன்னும் முடிவில்லை" என்றார். ஐயாவும் வாய் திறக்கவில்லை.

நான் விரும்பியது நடந்தது. மாமா எங்களோடேயே இருந்தார். வயலில் இறங்கினார், வரம்பு கட்டினார், கல்யாணம் கட்டவில்லை. என் தலை பின்னுகிற வயது சீக்கிரம் போய்விட்டது. அவர் வீட்டில் இருந்த மிச்சக் காலமெல்லாம் நான் அவருடைய முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூசினேன். அம்மாவுக்கு முந்தியே அவர் போய்விட்டார். அம்மா கண் மூடும்வரை, அம்மாள் வலப்பக்கம் தந்தவா, தம்பிக்குத்தான் விதியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தா. அவவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் இருந்தது. பீப்பாவும் பீச்சாங்குழலும் தகரப்பெட்டியும் கடைசி இடப்பெயர்வில் வீட்டோடு போயின. இப்போது கல்யாண மண்டபங்களில் ஓர்க்கிட் பூவைக் கட்டுக்கட்டாகக் கட்டி, பின்னேரம் குப்பையில் கொட்டுகிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். மறு வருஷம் வைகாசி பிறக்க நாலைந்து நாள் இருந்தது. மாமா காலையில் கொட்டிலுக்குள் பீச்சாங்குழலோடு நின்றார். அம்மா குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டா:

"தம்பி, இந்த முறை மொட்டு விட்டிட்டுதே? பொங்கலுக்குக் கொண்டுபோகலாமெல்லே?"

"விடும் அக்கா. கொஞ்சம் பிந்துது."

துரை வந்துபோன பிறகு நான் கொட்டிலுக்குள் கால் வைத்ததில்லை; அன்றைக்கு உள்ளே போய் ஏழாவதைத் தொட்டேன். தண்டு என் விரலில் பொடிந்தது. இலை ஒன்றும் இல்லை, வேர் வெறும் நூல். அது செத்து மாதக்கணக்காகியிருக்கவேண்டும். அவ்வளவு நாளும் ஒவ்வொரு விடியவும் அவர் அதற்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாமா, இது..." என்றேன்.

அவர் பீச்சாங்குழலை என் கையில் தந்தார்.

"வடிவா அடி பிள்ளை" என்றார் மெதுவாக. "அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறா."

நான் அடித்தேன்.